கேளுங்க சொல்றோம்: வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்

கேள்வி: பழைய சயின்ஸ் ஃபிக்ஷன்ல எல்லாம் பணக்காரன் மேல, உழைக்கிறவன் கீழன்னே காட்றாங்களே, வேற கற்பனையே வரலயா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கற்பனை எதுக்குங்க? நம்ம ஊர்லயே பெரிய வாய்க்காலுக்குக் கடல் பக்கம் வெள்ளையர் டவுன், இந்தப்பக்கம் கறுப்பர் டவுன்னு பிரெஞ்சுக்காரன் பிரிச்சு வெச்சிருந்தானே, அதையே மேல கீழன்னு திருப்பிப் போட்டா கதை ரெடி. எச்.ஜி. வெல்ஸ் 1895லயே 'டைம் மெஷின்'ல எழுதிட்டாரு, மேல நோகாம வாழுற கூட்டம், பூமிக்கடியில மெஷினோட கிடக்குற கூட்டம், கடைசில பாத்தா கீழ இருக்கவன் மேல இருக்கவன புடிச்சுத் தின்றான் (அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு மீன்கொழம்பே எறங்கல). 1927ல வந்த 'மெட்ரோபொலிஸ்' படமும் அதே மாடி வீடுதான்.

ஆனா எனக்குப் பயம்னா எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்தான். 1949ல வந்த '1984' நாவல்ல 85 சதவீத ஜனங்க நாட்ட ஆளுற கட்சிக்கு வெளிய கிடக்குறாங்க, கட்சிக்காரங்கள வீட்டுக்குள்ளயே வேவு பாக்குற டெலிஸ்கிரீன்ங்குற திரைய ஓப்ரையன்ங்குற கட்சிப் பெரிய ஆளு தன் வீட்ல சாதாரணமா ஸ்விட்ச் தட்டி ஆஃப் பண்றான், கட்சியில கீழ்மட்டத்துல இருக்குற கதாநாயகன் வின்ஸ்டனுக்கு நம்பவே முடியல. அப்பறம் ஒயின் ஊத்திக் குடுக்குறாங்க, அவன் கனவு கண்ட சரக்கு, ஆனா வருஷக்கணக்கா மட்டமான ஜின் குடிச்ச நாக்குல டேஸ்ட்டே தெரியல பாவம்.