பிஆர்ஐ இணைப்பில் சேனல் தேர்வு: ஏறுவரிசையா, இறங்குவரிசையா?

கேள்வி: எங்கள் 30 சேனல் பிஆர்ஐ இணைப்பு (சேனலுக்கு ஓர் அழைப்பு வீதம் சுமக்கும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) சிஸ்கோ ரவுட்டரில் முடிகிறது. அழைப்புகள் மிகும் நேரங்களில், வெளியே செல்லும் சில அழைப்புகள் காரணக் குறியீடு 44 காட்டித் தோற்றுவிடுகின்றன. சேனல் தேர்வு வரிசையை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும், ஆனால் எதிர்முனை (தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச்) எந்த வரிசையில் தேர்கிறது என்று அறியாமல் மாற்றாதீர்கள். கேட்ட சேனல் கிடைக்கவில்லை என்பதே 44-இன் பொருள். உங்கள் ரவுட்டரும் எக்ஸ்சேஞ்சும் ஒரே நொடியில் ஒரே சேனலைப் பிடிக்க முயன்றால், பொதுவாக உள்வரும் அழைப்புக்கே முன்னுரிமை கிடைத்து, உங்களுடையது தள்ளப்படும். இரு முனைகளும் எதிரெதிர் வரிசையில் தேர்ந்தால், இணைப்பு ஏறக்குறைய நிரம்பும்வரை அவை மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

சிஸ்கோ ரவுட்டர் இயல்பாகவே இறங்குவரிசையில், அதாவது 31-இலிருந்து கீழ்நோக்கித் தேர்கிறது (சேனல்களுக்குரிய 31 காலத்துண்டுகளில் 16ஆவது, பேச்சுக்கல்ல, அழைப்புகளை அமைக்கும் சிக்னலிங்கிற்கான டி சேனல்). அழைப்புகள் குறைந்த வேளையில் ‘டீபக் ஐஎஸ்டிஎன் க்யூ931’ கட்டளையை இயக்கி, உள்வரும் செட்டப் செய்தியில் (அழைப்பைத் தொடங்கும் செய்தி) உள்ள சேனல் எண்ணைக் கவனியுங்கள். 1, 2 என வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஏறுவரிசையில் தேர்கிறது. உங்கள் அமைப்பு சரியாகவே உள்ளது, கோளாற்றை வேறெங்கோ தேட வேண்டும். 31, 30 என வந்தால், டி சேனலுக்குரிய சீரியல் இன்டர்ஃபேஸில் (உங்களுடையது போன்ற 30 சேனல் ஈ1 இணைப்பில் அதன் பெயர் 15 என முடியும்) ‘ஐஎஸ்டிஎன் பிசான்-நம்பர்-ஆர்டர் அசெண்டிங்’ என்று கொடுங்கள். ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருளில் இதே வேலையை டயல் வரியில் குழு எண்ணுக்கு முன்வரும் ஜி எழுத்து செய்கிறது: சிறிய எழுத்து ஏறுவரிசை, பெரிய எழுத்து இறங்குவரிசை.

30 சேனல்களுக்கும் நீங்கள் கட்டணம் செலுத்துகிறீர்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 10 சேனல் மட்டுமே வாங்கியவர் காலத்துண்டுகளைக் குறிக்கும் பிஆர்ஐ-குரூப் வரியில் 1 முதல் 31 வரை எழுதிவிட்டால், இறங்குவரிசையில் தேரும் ரவுட்டர் இயங்காத சேனலையே முதலில் கேட்கும். அப்போது நெரிசல் இல்லாத வேளையிலும் அழைப்பு தோற்கும். இதற்கு வரிசையை மாற்றுவது தீர்வாகாது. காலத்துண்டுகளை 1-10, 16 என்று திருத்துவதே முறை.

ஒவ்வோர் அழைப்புக்கும் அடுத்தடுத்த சேனலைத் தேரும் சுழற்சி முறையை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பழுதான ஒரு சேனலிலேயே அழைப்புகள் திரும்பத் திரும்பப் போய் விழுவதை அது தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வு எல்லாச் சேனல்களிலும் சுற்றி வருவதால், எதிரெதிர் வரிசையால் கிடைக்கும் இடைவெளி போய்விடும்.