வாசகர் கேள்வி–பதில்: ஒட்டிய மஸ்ஸல் குஞ்சுகள் எங்கே போயின?

கேள்வி: எங்கள் பொரிப்பகத்தில் மஸ்ஸல் என்ற கடற்சிப்பியின் லார்வாக்கள் (நீந்தித் திரியும் இளம்பருவம்) மூன்று வாரங்கள் நன்றாக வளர்ந்தன. ஒட்டும் பருவம் நெருங்குவதைக் காட்டும் கண்புள்ளி தெரிந்ததும் புதுக் கயிறுகளைத் தொங்கவிட்டோம். சிலவே ஒட்டின, அவற்றிலும் பாதியை அடுத்த வாரம் காணவில்லை. இறந்துவிட்டனவா?

பதில்: இறந்திருந்தால் தொட்டியின் அடியில் வெற்றோடுகள் கிடந்திருக்கும். அவை இல்லையென்றால், குஞ்சுகள் வெளியேறும் நீரோடு போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆய்ஸ்டர் என்ற சிப்பி ஒருமுறை தன் ஓட்டைப் பதித்துவிட்டால் பிறகு நகராது. மஸ்ஸல் குஞ்சோ தான் ஒட்டிக்கொள்ளச் சுரந்த பிடிநூலை விட்டுவிட்டு, உடலைவிடப் பல மடங்கு நீளமான மெல்லிழை ஒன்றைச் சுரந்து, நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் தேடும். நீல மஸ்ஸல் குஞ்சுகள் முதலில் இழைப்பாசிகளில் தங்கிப் பின்னரே முதிர்ந்த மஸ்ஸல்களின் படுகைக்குச் செல்கின்றன என்று பெய்ன் என்ற ஆய்வாளர் 1964இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே வெளியேறும் குழாயில் குஞ்சுகளைவிடச் சிறிய கண்ணுள்ள சல்லடையைப் பொருத்தி, அதில் சேர்பவற்றை மீண்டும் தொட்டியில் விடுங்கள்.

குறைவாக ஒட்டியதற்குக் கயிறும் காரணமாகலாம். வழவழப்பான புதுக் கயிற்றைவிட, பிசிறுள்ள கயிற்றைச் சில நாட்கள் கடல்நீரில் ஊறவைத்து, நுண்ணுயிர்ப் படலம் படிந்தபின் தொங்கவிடுவது மேல். கண்புள்ளியை மட்டும் நம்புவதும் போதாது. நுண்ணோக்கியில் பாருங்கள்: நீந்திக்கொண்டிருந்த லார்வா கண்ணாடியில் இறங்கி, ஓட்டுக்கு வெளியே பாதத்தை நீட்டித் துழாவி, ஊர்ந்து, பிடிக்காவிட்டால் மீண்டும் நீந்தத் தொடங்கும். பெரும்பாலானவை இப்படிச் செய்யும்போதே கயிறு தேவைப்படுகிறது. தகுந்த இடம் கிடைக்காத லார்வா உருமாற்றத்தைத் தள்ளிப்போடவும் வல்லது.

உருமாறும் நாட்களில் நீந்தவும் இரை சேர்க்கவும் உதவிய வெலம் என்ற உறுப்பு உதிர்ந்துவிடும். செவுள்கள் முழுமையடையும்வரை குஞ்சு சேமித்த கொழுப்பைக் கொண்டே பிழைக்கிறது. எனவே அதற்கு முந்தைய நாட்களில் ஐசோகிரைசிஸ், கீட்டோசெராஸ் ஆகிய நுண்பாசிகளைக் கலந்து தாராளமாகக் கொடுங்கள். ஒற்றைப் பாசியில் சிக்கனம் பார்ப்பது எனக்கு உடன்பாடானதன்று. காற்றூட்டலை மட்டும் மென்மையாக்குங்கள்.

கேள்வி: வளர்ச்சி குன்றிய லார்வாக்களையும் அதே தொட்டியில் விடலாமா?

பதில்: வேண்டாம். நீர் மாற்றும்போது சல்லடையால் பிரித்து, சுமார் 250 மைக்ரானை எட்டியவற்றை மட்டும் கயிற்றுத் தொட்டிக்கு மாற்றுங்கள். மற்றவற்றைத் தனியே இன்னும் சில நாட்கள் வளர்த்துப் பார்க்கலாம். அப்போதும் பின்தங்குபவற்றைக் கழித்துவிடுவதே நல்லது.