அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்கள், அக்கா

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பழைய கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். இந்தக் குளிர்காலம் முழுக்க ஏதோ மெரினாவில் படகைக் கட்டிப் போட்டுத் தங்கப் போகிறானாம். தண்ணீரே உறைந்துவிடுமாம். வீடியோ காலில் பார்த்தால் கதவிலும் கூரையிலும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. பழைய துணி வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி தண்ணீரில் விழுந்துவிடுவானோ என்று எனக்கு உறக்கமே இல்லை. கரையில் ரூம் எடுக்கச் சொல்லி வற்புறுத்தலாமா?
– பெயர் வேண்டாம், திசையன்விளை

பதில்: அக்கா, முதல் வேலையாக அவனுக்குப் போன் போட்டு அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் பார்த்தது ஓட்டை இல்லை. கீழே ரெண்டு, மேலே ரெண்டு என்று கணக்குப் பார்த்து வைக்கிற காற்றுத் துளைகள். அந்த மாதிரிப் படகு 7 அடிகூட அகலமில்லாத நீளமான இரும்புப் பெட்டி. குளிருக்கு உள்ளேயே கரியோ விறகோ போட்டு எரிக்கிற சின்ன அடுப்பு இருக்கும். அதற்குக் காற்றுப் பற்றாமல் போனாலும், புகைபோக்கி அடைத்துக்கொண்டாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தலைவலி, கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது. குடியிருக்கிற படகுகளில் இதற்கான அலாரம் வேண்டும் என்று அங்கே 2019-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

நானும் ரெண்டு குளிர்காலம் அங்கே படகில் கிடந்தவன். மார்கழிப் பனிக்கே காதில் துண்டைக் கட்டுகிற ஊர்க்காரன் சும்மா இருப்பேனா? பழைய சாரத்தைக் கிழித்து ஒவ்வொரு துளையிலும் திணித்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் கத்தியது. பேட்டரி தீர்ந்திருக்கும், கழற்றி வைப்போம் என்று எழுந்தால் சுவர் என் பக்கம் சாய்கிறது. எப்படியோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து போர்வையோடு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் படகுக்காரக் கிழவர் டார்ச்சோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துளையில் இருந்த சாரத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி என் மடியில் போட்டார்.

அதனால்தான் அவன் மெரினாவுக்குப் போவது நல்லது என்கிறேன். பெயரைக் கேட்டதும் சுண்டலும் குதிரைச் சவாரியும் ஞாபகம் வந்திருக்கும். அது வேறு. கால்வாயை ஒட்டி வெட்டின குளம் மாதிரி இருக்கும், படகுகள் வரிசையாக நிற்கும். சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாத படகு பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அங்கே 1995-லிருந்து சட்டம். குளிர்காலத்தில் மதகு வேலைக்காக அங்கங்கே கால்வாயை மூடவும் செய்வார்கள். மெரினாவுக்குள் அந்த அலைச்சல் இல்லை. கரண்டு, தண்ணீர்க் குழாய், கழிவைக் கொட்ட இடம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் எல்லாம் உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: படகைக் கட்டி வைக்க மட்டும் பணம் கட்டியிருக்கிறானா, குடியிருக்கவும் அனுமதி வாங்கியிருக்கிறானா? ரெண்டும் வேறு வேறு. பாதிக் குளிரில் எழும்பச் சொன்னால் எங்கே போவான்?

தண்ணீரில் விழுகிற பயம் நியாயமானதுதான். ஆனால் உறக்கத்தில் யாரும் உருண்டு விழுவதில்லை. வேலை முடிந்து இருட்டில் வரும்போதுதான் விழுவார்கள். படகுக்குப் போகிற பலகைப் பாதையில் பனி உறைந்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரி வழுக்கும். டிசம்பரில் அங்கே நாலு மணிக்குள் இருட்டிவிடும். கால்வாய் நெஞ்சளவு ஆழம்தான் இருக்கும், ஆனாலும் குறுக்குத்துறையில் நீந்திப் பழகினவனுக்கும் அந்தக் குளிர் ஒரே நொடியில் மூச்சை இழுத்துவிடும். கனத்த கோட்டும் பூட்ஸும் வேறு. நல்ல பிடிப்புள்ள செருப்பு, தலையில் மாட்டுகிற லைட், ஒரு லைஃப் ஜாக்கெட் போதும். போதையில் அந்தப் பலகையில் கால் வைக்கக் கூடாது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவன் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள்.

குளிரைவிட ஈரம்தான் அதிகம் படுத்தும். மூச்சு, குளியல், இட்லிக் கொப்பரை ஆவி எல்லாம் இரும்பில் பட்டு நீராக வழியும். ஒரு நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டு மரச்சட்டம் போடச் சொல்லுங்கள். இட்லி அவிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். கேஸ் சிலிண்டர் சிவப்பா, நீலமா என்றும் கேளுங்கள். அங்கே நீலத்தில் வருவது பியூட்டேன், பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாகாமல் அடுப்பு அணைந்துபோகும். சிவப்பில் புரோப்பேன், அது எந்தக் குளிருக்கும் எரியும். உறைபனி என்று வானிலையில் சொன்னால் முந்தின நாளே தொட்டியை நிரப்பிக்கொள்ளட்டும், குழாய் உறைந்துவிடும்.

ரூம் எடு என்று இந்த வருஷம் வற்புறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்குக் கூப்பிடுங்கள், அவனுக்கு அப்போது பகல் பதினொன்று. இருட்டின பிறகு கூப்பிட்டால் அவனும் அழுவான், நீங்களும் அழுவீர்கள். வாரம் ஒரு தடவை அலாரத்தின் பட்டனை அமுக்கி, அந்தச் சத்தத்தைப் போனில் கேட்கவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உறங்க அது போதும்.

பார்சலில் இட்லிப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பலாம். மாவை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் புளித்துவிடும், பாத்திரம் மட்டும் பெரிதாக இருக்கட்டும். சாம்பிராணி போடுகிற தூபக்காலும் கரியும் அனுப்பிவிடாதீர்கள். உவரிக் கருவாடும் வேண்டாம். அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு தடவை வறுத்தால் மாசி வரைக்கும் மணக்கும், ஆபீசுக்குப் போட்டுப் போகிற சட்டையிலும்.