பேசத் தெரியாத பச்சிளங்குழந்தையின் வலியை எப்படி ஆராய்கிறார்கள்? பாலூட்டலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அழுகையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பசித்தாலும் குழந்தை அழும். குறைமாதக் குழந்தையோ வலித்தாலும் சத்தமில்லாமல் கிடக்கக்கூடும். அதனால் ரத்தப் பரிசோதனைக்குக் குதிகாலில் குத்தும் தருணத்தை வீடியோவில் பதிவு செய்து, நொடி நொடியாகப் பார்க்கிறார்கள். புருவம் புடைக்கிறதா, கண்கள் இறுக மூடுகின்றனவா, மூக்கோர மடிப்பு ஆழமாகிறதா? கூடவே இதயத் துடிப்பும் ரத்த ஆக்சிஜன் அளவும். அலுப்பூட்டும் வேலைதான், ஆராய்ச்சி மாணவருக்குத் தப்பிக்க வழியில்லை.

பாலூட்டல் இங்கேதான் நுழைகிறது. நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டால் ஊசி குத்தும்போது அழுகை குறைவதை உளவியலாளர் எலியட் பிளாஸ் போன்றோர் காட்டினார்கள். அதையே குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்தினால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. ஆக, வேலை செய்வது சுவை, வயிறு நிறைவதல்ல. தாய்ப்பால் குடிக்கும்போதே குத்தினாலும் வலியின் அறிகுறிகள் குறைகின்றன. ஆனால் அங்கே சுவை, உறிஞ்சுதல், அம்மாவின் உடற்சூடு எல்லாம் கலந்திருக்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முகம் அமைதியானால் வலி போய்விட்டதாகப் பொருளா? 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சர்க்கரை கொடுத்த குழந்தைகளின் முகம் அமைதியாக இருந்தும் மூளையின் மின் எதிர்வினை குறையவில்லை. என் கணிப்பில், புதிதாக வருபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். செவிலியம், உளவியல், குழந்தை மருத்துவம், நரம்பியல் என எந்தப் படிப்பிலிருந்தும் இதற்குள் வரலாம்.