ஆர்.பி.என். படிப்பும் முதல் வேலையும்: அந்த 4,500 டொலரைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆறு வருடமாகப் பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) ஆக வேலை செய்கிறேன். ஊரில் ஏ.எல். கலைப்பிரிவு படித்தேன். இப்போது நேர்சிங் படித்து எல்.பி.என். (லைசன்ஸ்ட் பிராக்டிகல் நேர்ஸ்) ஆக விருப்பம். தெரிந்தவர் ஒருவர் 4,500 டொலர் தந்தால் கொலிஜ் இடமும், படித்து முடிந்ததும் வேலையும் 'கரண்டி' (உத்தரவாதம்) என்கிறார். விளம்பரங்களில் எல்லாம் ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் வேலை யார் தருவார்கள்?

பதில்: அந்தத் தெரிந்தவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். கரண்டி அடுப்படியில் இருக்க வேண்டிய சாமான். ஒன்ராறியோவில் நேர்சிங் இடத்துக்கும் வேலைக்கும் அதைத் தர எவராலும் முடியாது.

இடத்தை எடுத்துக்கொள்வோம். அரசாங்கக் கொலிஜ்களுக்கான விண்ணப்பம் 'ஒன்ராறியோ கொலிஜஸ்' என்ற ஒரே பொது இணையத்தளம் வழியாகப் போகிறது. அதை நீங்களே வீட்டிலிருந்து நிரப்பலாம். பெப்ரவரி 1க்குள் விண்ணப்பித்த எல்லோரையும் கொலிஜ்கள் ஒன்றாகவே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு மிச்சம் இருந்தால் இடம். இந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள்தான் 'ஆள் வைத்து' இடம் பிடிக்கலாம் என்று காசோடு அலைகிறார்கள். அந்த ஆள் செய்யப்போவதும் அதே படிவத்தை நிரப்புவதுதான்.

அடுத்தது பெயர்க் குழப்பம். நீங்கள் எழுதிய எல்.பி.என். என்ற பட்டம் ஒன்ராறியோவில் இல்லை. அதே தொழிலுக்கு இங்கே ஆர்.பி.என். என்று பெயர், அதாவது ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நேர்ஸ். மற்ற மாகாணங்கள் பலவற்றில்தான் எல்.பி.என். என்பார்கள். இதில் ஒரு விசித்திரம்: பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா போன்ற மேற்கு மாகாணங்களில் ஆர்.பி.என். என்றால் மனநல நேர்ஸ். வேலை தேடும்போது ஊர்ப்பெயரைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு ஏன் பதில் வரவில்லை என்று யோசிப்பவர்கள் உண்டு.

பெயர்க் குழப்பத்தில் பெரியது இன்னொன்று. 'கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ' என்பது படிக்கிற இடம் அல்ல. பெயரைப் பார்த்து அங்கே போய் அனுமதி கேட்டவர்களை எனக்குத் தெரியும். நேர்ஸ்மாரைப் பதிவு செய்து, தவறு செய்தால் விசாரிக்கிற ஒழுங்காற்று அமைப்பு அது. உங்களுக்கு லைசன்ஸ் தரப்போவது அதுதான். அதனால் எந்தப் பள்ளியில் சேர்வதற்கு முன்பும், அந்தப் படிப்பு அதன் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். பள்ளி ஆட்கள் காட்டும் தாளைப் பார்ப்பது போதாது. 'ஹெல்த் எய்ட்', 'நேர்சிங் அசிஸ்டன்ட்', 'நேர்சிங்குக்கு முந்திய ஆயத்தம்' என்று விதவிதமான பெயர்களில் சான்றிதழ் விற்கிறார்கள். அவற்றை எத்தனை வைத்திருந்தாலும் லைசன்ஸ் பரீட்சை எழுத முடியாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், ஒரு தனியார் பள்ளியில் ஒன்றரை வருடம் இரவும் பகலும் படித்து முடித்தபிறகுதான் இதைக் கண்டுபிடித்தார். பள்ளி வாயால் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. 'நேர்சிங் துறையில் வாய்ப்புகள்' என்றுதான் சொன்னது.

தனியார் பள்ளி எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் உள்ள தனியார் பள்ளிகள் சில உண்டு. அவற்றில் படித்தவர்கள் நல்ல நேர்ஸ்மாராகவும் இருக்கிறார்கள். ஆனால் கட்டணம் அரசாங்கக் கொலிஜைவிடப் பல மடங்கு. ஆகவே ஸ்காபரோவில் இருக்கிற நீங்கள் முதலில் சென்டெனியல், அடுத்து ஜோர்ஜ் பிரவுன், செனெக்கா, டர்ஹம் என்று வரிசையாகப் பாருங்கள்.

உங்கள் கலைப்பிரிவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொலிஜ்கள் பொதுவாக 12ஆம் வகுப்பு ஆங்கிலமும், 11 அல்லது 12ஆம் வகுப்புக் கணிதம், உயிரியல், இரசாயனமும் கேட்கும். இவற்றை வயது வந்தவர்களுக்கான பள்ளிகளில் அநேகமாக இலவசமாகவே எடுக்கலாம். ரொறன்ரோ கல்விச்சபை நடத்தும் அப்படியான பள்ளி ஸ்காபரோவிலேயே மிட்லண்ட் வீதியில் இருக்கிறது. கொலிஜ்களிலும் இதற்கென்று 'அகடமிக் அப்கிரேடிங்' வகுப்புகள் உண்டு, அதற்கும் காசில்லை. இந்த நான்கு பாடத்தை முடிக்க ஒரு வருடம் போகலாம். ஷிப்ட் வேலையோடு படிக்கிறவருக்கு அது பெரிய காலம் இல்லை. பி.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்குச் சில கொலிஜ்களில் தனியாக ஒரு இணைப்புப் பாதையும் வைத்திருக்கிறார்கள், அதையும் விசாரியுங்கள்.

படிப்பு நான்கு செமஸ்டர், இரண்டு வருடம் என்று கணக்குப் போடுங்கள். சில கொலிஜ்களில் இன்னொரு செமஸ்டர் கூடும். காசுக்கு மாகாண அரசாங்கத்தின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்பில் விண்ணப்பியுங்கள். 'படித்துத் தங்கு' என்ற அரசாங்க உதவித்தொகை படிப்புச் செலவு முழுவதையும் கட்டுகிறதாமே என்று யாராவது சொல்வார்கள். அது ரொறன்ரோக்காரருக்கு இல்லை. வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் படித்து, படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆறு மாதம் அதே பகுதியில் வேலை செய்யச் சம்மதிப்பவர்களுக்கு. பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு சட்பரியில் போய் இருப்பீர்களா?

பரீட்சை. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் ஆர்.பி.என். ஆவதற்கு ரெக்ஸ்-பி.என். என்ற பரீட்சை. கணினியில் எழுத வேண்டும். உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை அதுவே மாற்றும். குறைந்தது 90 கேள்வி, கூடியது 150, நான்கு மணித்தியாலம். 90இல் கணினி நின்றுவிட்டால் தோல்வி என்று அர்த்தமில்லை, வெற்றி என்றும் அர்த்தமில்லை. எத்தனை தடவையும் எழுதலாம். பழைய பரீட்சையில் மூன்று தடவைக் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலத்துக் கதையை இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவின் என்கிளெக்ஸ்-பி.என். வேறு பரீட்சை. அந்தப் புத்தகத்தையும் வீடியோவையும் நம் ஆட்களிடம் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அட்டையில் ரெக்ஸ் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பரீட்சையோடு ஒரு சட்ட அறிவுப் பரீட்சையும் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். இவை பெரிய மலை இல்லை.

சரி, முதல் வேலை. உங்களுக்கு உண்மையான பயம் இதில்தான் என்று கேள்வியைப் படிக்கும்போதே தெரிந்தது.

விளம்பரத்தில் 'ஒரு வருட அனுபவம்' என்று இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஆட்பற்றாக்குறை என்று எல்லா மேடையிலும் பேசுகிற அதே துறைதான், புதிதாக வருகிறவரைப் பழக்க நேரமில்லை என்பதற்காக அந்த வரியைப் போடுகிறது. இந்த முரண்பாட்டை இத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் புதியவர்களை எடுக்கத்தான் செய்கிறார்கள், முக்கியமாக முதியோர் இல்லங்களில். ஒரு தளத்தில் முப்பது பேர்வரை, ஒரு மருந்து வண்டி, ஒரு ஆர்.பி.என். என்பதுதான் அங்கே வழக்கம். அந்த வண்டியைத் தள்ள ஆள் தேவை.

புதியவர்கள் பலருக்கும் கதவு திறப்பது கடைசி செமஸ்டர் பயிற்சியில். ஒரு ஆர்.பி.என்.னுக்குப் பக்கத்தில் முழு ஷிப்டும் நின்று வேலை செய்வீர்கள். அந்த ஆளை பிரிசெப்டர் என்பார்கள். எங்கே வேலை செய்ய விருப்பமோ அங்கே அந்தப் பயிற்சியைக் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல பெயர் எடுத்தால் அந்தத் தளத்து மனேஜரே கூப்பிட்டுக் கேட்பார். அப்புறம், 2007இலிருந்து இருக்கிற 'நேர்சிங் கிராஜுவேட் கரண்டி' என்ற அரசாங்கத் திட்டம் ஒன்று. (பாருங்கள், அரசாங்கமும் கரண்டி தருகிறது.) புதிதாக முடித்தவரைச் சில மாதம் முழுநேரமாகப் பழக்குவதற்கு நிறுவனத்துக்கு அரசாங்கம் காசு கொடுக்கும். உங்கள் பெயரை நீங்களும் பதிய வேண்டும், நிறுவனமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். நேர்முகத்தில் 'நீங்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா' என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் விஷயம் தனி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள்தான் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு இல்லத்துக்குள் இருக்கிறீர்கள். பல இல்லங்களில் பி.எஸ்.டபிள்யூ.வும் ஆர்.பி.என்.னும் ஒரே தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள், எஸ்.இ.ஐ.யு., கியூப்பே, யூனிஃபோர் என்று. அப்படியென்றால் ஆர்.பி.என். இடம் ஒன்று காலியானால் பெரும்பாலும் முதலில் உள்ளே உள்ளவர்களுக்குத்தான் அறிவித்தல் ஒட்டுவார்கள். தகுதி இருந்தால் உங்கள் ஆறு வருட சீனியொரிட்டி கணக்கில் வரலாம். 'வரலாம்' என்று சொல்வது, ஒவ்வொரு இல்லத்தின் ஒப்பந்தமும் வேறு என்பதால். சில ஒப்பந்தங்களில் பிரிவு மாறும்போது சீனியொரிட்டி அப்படியே போகும், சிலவற்றில் சம்பளப் படி கீழிருந்து தொடங்கும். ஆகவே சங்கப் பிரதிநிதியிடம் ஒப்பந்தப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, படிக்கப் போகிறேன் என்று வேலையை விட்டுவிடாதீர்கள். மணித்தியாலத்தைக் குறையுங்கள், பார்ட் டைம் ஆகுங்கள், தேவையானால் கூப்பிடும்போது மட்டும் போகிற கேஷுவலாகப் போங்கள், படிப்பு விடுமுறை உண்டா என்று கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே அந்த ஆறு வருடமும் காற்றில் போய்விடும். பிறகு நீங்களும் வெளியிலிருந்து வருகிற ஒருவர், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு: படிக்கும் காலத்தில் உங்கள் சொந்த இல்லத்தில் 'நீ நேர்சிங் படிக்கிறாய்தானே, இந்த மருந்தைக் கொடுத்துவிடு' என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அந்த ஷிப்டில் நீங்கள் பி.எஸ்.டபிள்யூ. மட்டும்தான்.

அடுத்து ஏஜென்சி, அதாவது நேர்ஸ்மாரை இல்லங்களுக்குத் தற்காலிகமாக அனுப்புகிற நிறுவனம். புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கு நல்ல மணிச் சம்பளம் காட்டிக் கூப்பிடுவார்கள். முதல் வருடம் போகாதீர்கள். இன்றைக்கு ஒரு இல்லம், நாளைக்கு இன்னொன்று, எங்கேயும் ஒழுங்கான அறிமுகம் இல்லை. மருந்தில் பிழை வந்தால் கேள்வி உங்கள் லைசன்ஸுக்கு. அதோடு சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். தற்காலிக வேலை ஏஜென்சி உங்களைச் சேர்ப்பதற்கோ, வேலைக்கு அனுப்புவதற்கோ, ரெசுமே எழுதித் தருவதற்கோ, நேர்முகத்துக்குப் பழக்குவதற்கோ உங்களிடம் காசு வாங்கக் கூடாது. அவர்கள் அனுப்பிய இடம் உங்களை நேரடியாக எடுக்க விரும்பினால் போகாதே என்று உங்களைத் தடுக்கவும் கூடாது. 2024 ஜூலை 1இலிருந்து இப்படிப்பட்ட ஏஜென்சியும், காசுக்கு ஆள் பிடித்து வேலைக்கு விடுகிறவரும் மாகாணத் தொழில் அமைச்சின் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும். இத்தனையும் சட்டத்தில் இருந்தும், நம் கடைவீதிகளில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களை ஒரு அதிகாரியும் வந்து வாசிப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாகச் சம்பளம், ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு வருடம் கழித்து என்னைத் திட்டுவீர்கள். 2020இல் அரசாங்கம் முதியோர் இல்லங்களில் பி.எஸ்.டபிள்யூ.க்களுக்கு மணிக்கு 3 டொலர் கூட்டிக் கொடுத்தது, பிறகு அதை நிரந்தரமாக்கியது. நியாயமான விஷயம். ஆர்.பி.என்.களுக்கு அது கிடைக்கவில்லை. போதாததற்கு 2019இல் பொதுத்துறைச் சம்பளம் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது, 2022இல்தான் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இதனால் பல இல்லங்களில் இரண்டு வேலைக்கும் நடுவே சம்பள வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பொறுப்போ பல மடங்கு கூட. உங்கள் இல்லத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளப் படிகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். சங்கப் பிரதிநிதியிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்கும்போதே அந்தப் பக்கங்களையும் பாருங்கள், பிறகு மிட்லண்ட் வீதிப் பள்ளிக்குப் போய் இரசாயன வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள்.

அந்தத் தெரிந்தவர் திரும்பவும் தொலைபேசியில் கூப்பிட்டால் அவருடைய லைசன்ஸ் இலக்கத்தைக் கேளுங்கள். தொழில் அமைச்சின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.