இலங்கையின் தேசியச் சின்னங்களை அந்நாட்டு மக்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்களா?

பெயர் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். படத்தைக் காட்டினால்தான் சிக்கல்.

நான் யாழ்ப்பாணத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறவன். "தேசிய மரம்?" என்று கேட்டு முடிக்க முதலே வகுப்பே "நாகமரம் சேர்!" என்று கத்தும். ஒருநாள் பெயர் எதையும் சொல்லாமல் படங்களை மட்டும் நீட்டினேன். நாகமரத்தைப் பார்த்து ஒருவன் நாவல் என்றான். நாகலிங்கப் பூவின் படத்தைக் காட்டியதும் பாதிப் பேர் "இதுதான் நாகமரம்" என்றார்கள்.

எனக்குச் சிரிக்க முகமில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நாகலிங்கம் கோயில்களில் நிற்கும், பூவுக்குள் லிங்கம், மேலே படமெடுத்த நாகம், பெயரிலும் நாகம். வேறென்ன வேண்டும்? ஆனால் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். நாகமரம் வேறு. வெள்ளை இதழ் நாலு, நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, தளிர் செக்கச்செவேலென்று இருக்கும், வைரம் இரும்பு மாதிரி. ஈரவலயத்து மரம் என்பதால் எங்கள் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும். பேராதனைப் பூங்காவில் பெயர்ப்பலகையோடு கண்ட அன்றுதான் எனக்கே விளங்கியது.

1986 இல் நாகமரத்தோடு தேசியச் சின்னமான நீலோற்பலத்தை, அதாவது நீல அல்லியை, பாதி வகுப்பு தாமரை என்றது. தாமரை இலை தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும், அல்லி வகை இலை தண்ணீரோடு படுத்துக் கிடக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் பிழைவிடவில்லை.

கொடியில் சிங்கத்தை எல்லோரும் அறிவார்கள். மூலைகளில் உள்ள நாலு இலை? "வெற்றிலை சேர்." அது அரசிலை, 1972 இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. கோடுகளில் எது தமிழருக்கு, எது முஸ்லிம்களுக்கு என்பதில் பெரியவர்களே தடுமாறுவார்கள். கம்பத்தோடு ஒட்டியிருக்கும் பச்சை முஸ்லிம்களுக்கு, அடுத்த செம்மஞ்சள் தமிழருக்கு.

தேசியப் பறவையான காட்டுக்கோழியை உடனே சொன்னது ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய அம்மம்மா வீடு மாங்குளம் பக்கம். "சிவப்புக் கொண்டை, நடுவிலை மஞ்சள். விடியக் காலமை வளவுக்குள்ளை வரும்" என்றாள். புத்தகத்தில் படித்துச் சொன்ன பதில் இல்லை அது. தேசிய விளையாட்டுக்குப் படம் காட்டாமல் கேட்டேன், கிரிக்கெட் என்றார்கள். 1991 இலிருந்து கரப்பந்தாட்டம்தான். இத்தனைக்கும் ஆவரங்கால், புத்தூர்ப் பக்கம் பின்னேரமானால் வலை கட்டாத வெளி அருமை.

கடைசியாகப் பட்டியலில் இல்லாத ஒரு படத்தைக் கலந்துவிட்டேன்: கார்த்திகைப்பூ. ஒருவர்கூடத் தவறவில்லை. ஏனென்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாரி தொடங்க வேலியெல்லாம் பூக்கிற பூ. அதுவே சிம்பாப்வேயின் தேசிய மலர், தமிழ்நாட்டின் மாநில மலரும்கூட (அங்கே செங்காந்தள் என்பார்கள்). சிம்பாப்வேயைப் பற்றிச் சொன்னபோது "அவைக்கு ஏன் எங்கடை பூ?" என்று ஒருவன் கோபித்தான்.

பனையும் அப்படித்தான். எங்களுக்கு அது அடையாளம்; ஆனால் சட்டப்படி தேசிய மரமாக வைத்திருப்பது கம்போடியா, 2005 இலிருந்து. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்கையும் ஒடியற்கூழ் காய்ச்சுவினமோ?" என்று கேட்டா (ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு). பனஞ்சீனி காய்ச்சுவார்களாம் என்றேன். "அப்ப சரி" என்று எழும்பிப் போய்விட்டா.