ஏழாவது ப்ராஜெக்ட் வேண்டாம்

கேள்வி: கணினி அறிவியல் முடித்து ஓராண்டு ஆகிறது. வேலை அனுபவம் இல்லை. வீடியோ பார்த்து டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப், கால்குலேட்டர் என்று 6 ப்ராஜெக்ட் செய்து ப்ரோகிராம் கோட் (code) பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டிருக்கிறேன். எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. இன்னும் சில சேர்த்தால் பலன் இருக்குமா?

பதில்: சேர்க்க வேண்டாம். இதே வீடியோக்களைப் பார்த்து இதே ஆப்களை ஏராளமானோர் செய்திருக்கிறார்கள். உங்கள் ப்ரோகிராம் கோடைத் திறப்பவருக்கு அதில் எது உங்கள் சொந்த யோசனை என்று தெரிய வழியில்லை. அந்த 6-ம் நல்ல பயிற்சிதான், அதோடு இருக்கட்டும். ரெஸ்யூமேயில் ஒன்றே ஒன்று போதும். ஆனால் அதை யாராவது நிஜமாகவே பயன்படுத்த வேண்டும்.

பெரிய ஐடியா தேடி அலைய வேண்டியதில்லை. பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழியையே கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத்தான் எழுதத் தொடங்கினார். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வாராவாரம் எக்செல்லில் கையால் கணக்குப் போட்டுத் திண்டாடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்று செய்து கொடுங்கள். அவர் கைக்குப் போன பிறகுதான் உண்மையான பாடம். ஒரே பெயரில் இருவர் வருவார்கள். தேதியில் மாதத்தை முன்னால் போடுவார்கள். நெட் பாதியில் நின்று, ஒரே பதிவு இரண்டு முறை ஏறும். இதையெல்லாம் சரிசெய்தவரிடம் இன்டர்வியூவில் "ஏன் இந்த டேட்டாபேஸ்? எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால், மனப்பாடம் செய்யாமலே பதில் வரும். எனக்கு ப்ராஜெக்ட்டின் மதிப்பே அந்தப் பதில்தான்.

அப்புறம், ரீட்மியை (ப்ராஜெக்ட்டோடு வைக்கும் விளக்கக் குறிப்பு) அக்கறையாக எழுதுங்கள்: யாருக்காகச் செய்தது, எப்படி இயக்குவது, இன்னும் எது சரியாகவில்லை. கிளிக் செய்தால் திறக்கிற லிங்க் ஒன்று அவசியம். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) எதுவும் கோடோடு ஏறிவிடக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது இருக்கும். ஏறிவிட்டால் கீயையே மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் மட்டுமே அழைப்பைக் கொண்டுவராது. முதல் சுற்றில் ரெஸ்யூமேக்களைப் பிரிப்பவர் பெரும்பாலும் கிட்ஹப் பக்கமே போவதில்லை. அதனால், யார் பயன்படுத்துகிறார், அவருக்கு எந்த வேலை குறைந்தது என்று ரெஸ்யூமேயிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். வேலையில் இருக்கும் சீனியர் யாரிடமாவது கோடைக் காட்டி, எங்கே சொதப்பியிருக்கிறது என்று கேளுங்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்பதைவிட இந்தக் கேள்விக்கு மனிதர்கள் நேரம் ஒதுக்குவார்கள். நீங்கள் திருத்திக் காட்டுவதைப் பார்த்தவர், அவர் அலுவலகத்தில் இடம் வரும்போது உங்களைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.